மேலக்காவின் பித்தப்பை

பதினொரு வருடமாக ஒரே பெண்ணின் காதுக்குள் பேசிப் பிழைக்கிறவன் நான். இதைச் சொல்லி என் மனைவி என்னைக் கிண்டலடிக்காத நாளில்லை. வேலை அப்படி. கட்டுமானத் தளத்தில் டவர் கிரேனுக்குச் சிக்னல் சொல்கிறேன். கிரேன் ஓட்டுகிறவருக்கு மேலிருந்து கீழே நடப்பது பாதிதான் தெரியும், கட்டடத்தின் மறுபக்கம் அறவே தெரியாது. அவருக்காக நான் பார்த்து, வாக்கி-டாக்கியில் "இடது, இன்னும் இடது, கீழ, மெல்ல, போதும்" என்று சொல்ல வேண்டும். நான் சொன்னபடி இரண்டு டன் இரும்பு காற்றில் நகரும். வீட்டில் நான் சொல்லி ஒரு நாற்காலிகூட நகர்ந்ததில்லை.

கிரேன் ஓட்டுகிறவரை நாங்கள் எல்லாரும் மேலக்கா என்று கூப்பிடுவோம். அறுபது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை உட்கார்ந்திருப்பவருக்கு வேறென்ன பெயர் வைப்பது? அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. குள்ளம்தான். தரையில் நடக்கும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மேலே ஏறிவிட்டால் ஒரு முட்டையைக் கொக்கியில் மாட்டிக் கொடுத்தாலும் உடையாமல் இறக்கிவிடுவார். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, பார்த்திருக்கிறேன்.

ஏணியில் இருநூற்றுப் பன்னிரண்டு படி. ஏற இருபது நிமிடம், இறங்கப் பதினைந்து. கூண்டில் கழிப்பறை கிடையாது. ஆண்கள் ஏதோ செய்து சமாளித்துக்கொள்வார்கள், அதை விவரிக்க வேண்டாம். மேலக்கா வேறு வழி கண்டுபிடித்திருந்தார். காலையில் ஒரு டம்ளர் டீ, அதோடு சரி. பகல் முழுக்கச் சாப்பாடு இல்லை, தண்ணீர் பெயருக்கு இரண்டு வாய். மாலை இறங்கியதும் வாசல் கடையில் பொரித்த கோழி, வீட்டில் வயிறு முட்டச் சாப்பாடு. இடைவேளைக்கு இறங்காத ஆபரேட்டர் என்று ஃபோர்மேன் அவரைப் புதியவர்களுக்குக் காட்டிப் பெருமையடிப்பார். நாங்களும் அதை வைராக்கியம் என்று மெச்சினோம். இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறைய வேண்டும் போலிருக்கிறது.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. தளத்தில் யார் "நிறுத்து" என்றாலும் கிரேன் நின்றாக வேண்டும். இன்ஜினியர் சொன்னாலும், கூட்டிப் பெருக்குகிறவர் சொன்னாலும் ஒன்றுதான். அக்கா, சார் என்று எதையும் சேர்க்காமல் வெறும் "நிறுத்து". சொன்னவரே மறுபடி "ஓட்டு" என்று சொல்லும்வரை கொக்கி அசையக் கூடாது. ஒருமுறை பெருக்குகிற அம்மா தன் செருப்பு இரும்புக் கட்டுக்கு அடியில் மாட்டப் போகிறது என்று "நிறுத்து" என்று கத்திவிட்டார். ஃபோர்மேன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். மேலக்கா வாக்கி-டாக்கியில் நிதானமாகச் சொன்னார்: "அந்தம்மா செருப்பை எடுத்து மாட்டிக்கிட்டு 'ஓட்டு'ன்னு சொல்லட்டும் சார். அப்புறம் ஓட்டறேன்." அந்த அம்மா ஆற அமரச் செருப்பை மாட்டிக்கொண்டு சொன்ன பிறகுதான் இரும்பு நகர்ந்தது.

மேலக்காவுக்கு வலி முதலில் முதுகில்தான் வந்தது. வலது தோள்பட்டைக்குக் கீழே, உள்ளுக்குள் யாரோ ஆணி வைத்து அழுத்துகிற மாதிரி என்றார். வலது கை லீவர் பிடிக்கிற கை. எங்களில் யாருக்குத்தான் தோள் வலி இல்லை? "லீவர் வலிதான்க்கா, தைலம் தேய்ங்க" என்று நானே ஒரு புட்டி வாங்கிக் கொடுத்தேன். பிறகு அது மேல்வயிற்றுக்கும் வந்தது. சாப்பிட்ட அரைமணி நேரத்தில் பிடிக்கும், இரண்டு மூன்று மணி நேரம் விடாது, பிறகு எதுவுமே நடக்காத மாதிரி போய்விடும். "கேஸா இருக்கும்க்கா" என்று அதற்கும் மாத்திரை கொடுத்தேன். யாராவது ஓசியில் வைத்தியம் சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நானே ஐந்து மாதம் ஓசி வைத்தியராக இருந்திருக்கிறேன்.

அவருடைய கணவர் பஸ் டிப்போவில் டயர் பார்ப்பவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கிளம்பு" என்ற ஒரே வார்த்தையில் மேலக்காவை ஸ்கேன் எடுக்க அழைத்துப் போனார். பித்தப்பை நிறைய சின்னச் சின்னக் கற்கள். வலியும் அடிக்கடி வருவதால் பையை எடுத்துவிடுவதுதான் நல்லது, சர்ஜனைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

"மாட்டேன்" என்றார் மேலக்கா.

காரணம் எனக்குத் தெரியும். ஆபரேஷன் செய்துகொண்ட ஆபரேட்டர் மறுபடி ஏற வேண்டுமென்றால் கம்பெனி டாக்டர் தகுதி எழுதித் தர வேண்டும். அதுவரை வேறு ஆள் ஏறுவார். அந்தக் கூண்டு மேலக்காவுக்குச் சும்மா கிடைக்கவில்லை. பயிற்சி முடித்த பிறகு நாலு தளத்தில், பெண்ணுக்கா கிரேன் என்று சிரித்துத் திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாவதாக இந்தக் கம்பெனிதான் ஏற விட்டது. "ஒரு தடவை இறங்கினா திரும்ப ஏற விடமாட்டாங்க தம்பி" என்றார். "வீட்டு வேலைக்குன்னு லீவு போட்டு இறங்கினா ஏறிடலாம். உடம்புக்குன்னு இறங்கினா முடிஞ்சுது. இந்தக் கட்டடம் முடியற வரைக்கும் நான் இறங்கறதா இல்ல."

விஷயம் தளத்துக்குத் தெரிந்ததும் ஆளாளுக்கு வைத்தியம். ஒருவருடைய மச்சானுக்குத் தண்ணீர் குடித்தே கல் போய்விட்டதாம். அது சிறுநீரகக் கல், இது வேறு பை, வேறு குழாய் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் வெல்டர் வந்தார். ஒரு டம்ளர் ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து மாலையில் ஒரே மூச்சில் குடித்தால் காலையில் கல்லெல்லாம் வெளியே வந்துவிடும் என்றார். போனில் வீடியோவே வைத்திருந்தார்.

மறுநாள் காலை ஏணியடியில் மேலக்கா வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"எல்லாம் போச்சு தம்பி!"

"என்னக்கா போச்சு?"

"கல்லுதான்! பச்சைப் பச்சையா, பட்டாணி சைஸுல. முப்பத்தொண்ணு. நானே எண்ணினேன்."

எண்ணியதை நினைத்து எனக்குக் குமட்டியது. ஆனாலும் சந்தோஷம்தான். வெல்டர் அன்று காலை தளம் முழுக்கப் புது மாப்பிள்ளை மாதிரி உலா வந்தார்.

அன்று பதினான்காவது மாடிக்குக் கான்கிரீட். கான்கிரீட் நாளில் கிரேன் நிற்கக் கூடாது. நின்றால் போட்டது பாதியில் இறுகிவிடும், பிறகு அந்த இணைப்பில் தண்ணீர் கசியும், ஃபோர்மேன் மூன்று மாதத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பத்தரை மணி இருக்கும். பதினோராவது கான்கிரீட் பக்கெட் மேலே போய்க்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, மாடியில் ஏழு பேர், ஓரத்தில் நான்.

"இடது... இன்னும் இடது... போதும். இப்ப கீழ, மெல்ல."

"சரி" என்று வர வேண்டிய இடத்தில் ஒரு மூச்சு மட்டும் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு.

"அக்கா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ சொல்லு."

"கீழ... மெல்ல..."

பக்கெட் ஆடியது. ஒரு சாண்தான் ஆடியிருக்கும். வேறு யாராவது ஓட்டியிருந்தால் நான் கண்டுகொண்டிருக்கவே மாட்டேன். மேலக்காவின் கையில் பக்கெட் ஆடி நான் பார்த்ததில்லை.

"நிறுத்து" என்றேன்.

கொக்கி நின்றது.

"எதுக்கு நிறுத்தின?" குரல் உடைந்திருந்தது. "ஏன், கீழ யாராவது வந்துட்டாங்களா?"

"உங்களுக்காகத்தான் நிறுத்தினேன். எனக்குப் பயமா இருக்குக்கா."

"ஆளுங்கள விலகச் சொல்லு. பக்கெட்டைக் காலி இடத்துல இறக்கிடறேன். அதுவரைக்கும் தாங்கும்" என்றார். ஏழு பேரையும் விலக்கிவிட்டு "ஓட்டு" என்றேன். ஃபோர்மேன் பக்கத்தில் நின்று கான்கிரீட், கான்கிரீட் என்று கத்தினார். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஃபோர்மேனை வாயை மூடச் சொன்னேன். பக்கெட் கைப்பிள்ளையைக் கிடத்துவது போல மாடியின் காலி மூலையில் வந்து உட்கார்ந்தது.

அடுத்தது அவர் இறங்க வேண்டும். கம்பி கட்டுகிறவர்கள் இரண்டு பேர் கயிறோடு ஏறி அவருடைய பெல்ட்டில் மாட்டினார்கள். எனக்கு அந்த ஏணி என்றால் உயிர் போகும், ஒருநாளும் அதில் ஏறியதில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். மாடியிலிருந்து கீழே ஓடிவந்து, ஏணியடியில் நின்று வாக்கி-டாக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தேன்: "வலது கால் கீழ... இடது... மெல்ல... இன்னும் ஒண்ணு... போதும், மூச்சு விடுங்க." நடுவில் இரண்டு முறை வாந்தி எடுத்தார். ஐம்பது நிமிடம் ஆனது. தரையில் கால் வைத்ததும், "எத்தனை?" என்று கேட்டார்.

"இருநூத்திப் பன்னெண்டு."

"சரியா எண்ணியிருக்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டார்.

மருத்துவமனையில் காய்ச்சல் என்றார்கள், பித்தப்பை வீங்கிச் சீழ் பிடிக்கிற நிலை என்றார்கள். வாயில் ஒன்றும் கொடுக்காமல் ஊசியும் டிரிப்ஸும் போட்டார்கள். மறுநாள் காலை நான் போனபோது கணவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சர்ஜன் வந்தார். மேலக்காவைவிடக் குள்ளமான பெண், வேகமாகப் பேசுகிறவர்.

மேலக்கா முதலிலேயே மடக்கப் பார்த்தார். "கல்லெல்லாம் நேத்து காலையிலயே போயிடுச்சே டாக்டர். எண்ணிப் பார்த்தேன்."

"அது கல் இல்லம்மா, சோப்பு மாதிரி. நீங்க குடிச்ச எண்ணெய் குடலுக்குள்ள போய் உருண்டை உருண்டையாத் திரண்டிருக்கு. உங்க கல்லெல்லாம் பத்திரமா அங்கேயேதான் இருக்கு. அவ்வளவு எண்ணெய் உள்ள வந்ததும் பை இறுக்கிப் பிழிஞ்சிருக்கு, ஒரு கல் வந்து வாசல்ல சிக்கிடுச்சு."

"எதுக்குப் பிழியணும்?"

"அதான் அதோட வேலை. கல்லீரல் நாள் பூரா பித்தநீர் சுரந்துட்டே இருக்கும். அதைப் பித்தப்பை சேர்த்து வெச்சுக்கும். கொழுப்பு உள்ள சாப்பாடு வந்தா சுருங்கி வெளிய விடும், செரிக்கறதுக்கு. நீங்க பகல்ல என்ன சாப்பிடுவீங்க?"

மேலக்கா சொன்னார். சர்ஜன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பகல் பூரா பை பிழியவே இல்ல. உள்ள இருக்கிறது தேங்கித் தேங்கிக் கெட்டியாகும். அது மட்டுமே காரணம்னு சொல்லமாட்டேன். நாப்பதைத் தாண்டின பெண்களுக்கு அதிகம் வரும், குடும்பத்துல இருந்தாலும் வரும், எடை கூடினாலும் வரும், சட்டுனு குறைஞ்சாலும் வரும். ஆனா பட்டினியும் சேர்ந்துக்கும்."

"பக்கெட்ல கான்கிரீட்டைக் கொட்டாம வெச்சிருந்தா இறுகிடற மாதிரி."

"அதேதான். நான் சொன்னதைவிட நல்லாச் சொல்றீங்க."

"அப்போ கல்லை மட்டும் எடுத்துட்டுப் பையை விட்டுடுங்க."

"விட்டா திரும்ப வரும். கரைக்கிற மாத்திரையும் உண்டு. சில வகைக் கல்லுக்கு மட்டும், அதுவும் வருஷக்கணக்கா சாப்பிடணும், நிறுத்தினா மறுபடியும் வந்துடும். வலியே தராத கல்லை நாங்க தொடறதில்ல. உங்களோடது அந்தக் கட்டத்தைத் தாண்டிடுச்சு. பை இல்லாம நல்லாவே வாழலாம். பித்தநீர் கல்லீரல்லேருந்து நேரா குடலுக்குப் போயிடும்."

அதற்குப் பிறகு மேலக்கா கேட்ட கேள்விகளைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. கனமான எதையாவது தூக்குவதற்கு முந்தின நாள் இன்ஜினியரைக் கேட்பாரே, அதே கேள்விகள். எங்கேயிருந்து நுழைவீங்க? நாலு சின்ன ஓட்டை. உள்ளே இடம் எப்படிக் கிடைக்கும்? வாயு செலுத்தி வயிற்றை உப்ப வைப்போம். எதைப் பார்த்துச் செய்வீங்க? ஒரு ஓட்டையில் கேமரா போகும், டிவியில் பார்த்து, நீளமான கருவிகளால். எதை வெட்டுவீங்க? பையின் குழாயையும் ரத்தக்குழாயையும் கிளிப் போட்டு அடைத்துவிட்டு வெட்டுவோம், பையை ஓட்டை வழியாகவே எடுத்துவிடுவோம்.

கடைசியாக, "வீங்கியிருக்குன்னு சொல்றீங்க. உள்ள போனதும் சரியாத் தெரியலைன்னா?" என்று கேட்டார்.

"நிறுத்திடுவேன்" என்றார் சர்ஜன். "தெரியாம ஒரு குழாயிலும் கை வைக்க மாட்டேன். வயித்தைத் திறந்து பார்த்து எடுப்பேன், இல்லைன்னா பாதியை மட்டும் எடுப்பேன். தழும்பு பெருசாகும், வீட்டுக்குப் போக இன்னும் சில நாள் ஆகும். அதைத் தோல்வின்னு நினைக்கக் கூடாது."

மேலக்கா அவரையே உற்றுப் பார்த்தார். "நிறுத்துவீங்கள்ல?"

"கண்டிப்பா நிறுத்துவேன்."

"பேப்பரைக் குடுங்க" என்று கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "நான் எப்ப திரும்ப ஏறலாம்?" என்றார். நடக்கிறது மறுநாளே, கனமான வேலை ஒரு மாதத்துக்கு வேண்டாம், ஏணி அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் சர்ஜன். "நான் ஏறுவேன்" என்று மேலக்கா அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

மறுநாள் உள்ளே கொண்டுபோனார்கள். நானும் அவர் கணவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரம் போனது. பிறகு அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தினம் பத்து மணி நேரம் அவகிட்ட பேசறீங்க. சாப்பிட்டியானு ஒருநாள் கேட்டிருக்கீங்களா?"

நான் கேட்டதில்லை. பதினொரு வருடத்தில் ஒருநாள்கூட. இடது, வலது, மேல, கீழ என்று லட்சம் முறை சொல்லியிருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மடியில் போட்டார். "நானும் கேக்கல" என்றார்.

நாலு ஓட்டையோடே முடிந்தது. மாலையில் கண் விழித்த மேலக்கா முதலில் சொன்னது, "தோள் வலிக்குது, கல்லு இன்னும் உள்ளதான் இருக்கு" என்பதுதான். உள்ளே செலுத்திய வாயு கொஞ்சம் மிச்சமிருந்தால் தோளில் வலிக்கும், எழுந்து நடந்தால் போய்விடும் என்று நர்ஸ் சொன்னார். அவர் நடந்தார், நடந்தார், வார்டில் இருந்தவர்களுக்குத் தலை சுற்றுகிற அளவுக்கு நடந்தார். இரண்டாம் நாள் சர்ஜன் ஒரு சின்னப் புட்டியில் கற்களைப் போட்டுக் கொடுத்தார். மஞ்சளும் பழுப்புமாக, கொத்தமல்லி விதை அளவில் இருபத்துமூன்று. ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்த முதல் நாளே அந்தப் புட்டியை வெல்டரின் மேஜையில் வைத்து, "இதுக்குப் பேருதான் கல்லு, நல்லாப் பார்த்துக்கோ" என்றார். ஃபோர்மேன் பயந்துபோய்த் தானும் ஸ்கேன் எடுத்துக்கொண்டார். அவருக்கும் ஒரு கல் இருந்தது. வலியில்லாத கல், அதன்பாட்டுக்கு இருக்கட்டும், காய்ச்சலோடு வலி வந்தாலோ கண் மஞ்சளானாலோ ஓடி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து அவர் எந்தக் கண்ணாடியைக் கண்டாலும் கண்ணைப் பிதுக்கிப் பார்க்கிறார்.

ஆனால் மேலக்காவை ஏற்றுவதற்கு மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. கீழே ஸ்டோரில் உட்கார்ந்து சாமான் கணக்குப் பாருங்கள் என்றார். மேலக்கா இரண்டு வாரம் ஸ்டோரில் உட்கார்ந்தார். முதல் வாரம் தினமும் மாலை, வேலை முடிந்ததும், ஏணியில் நூறு படி ஏறி இறங்கினார். அடுத்த வாரம் இருநூற்றுப் பன்னிரண்டும். நான் கீழே நின்று எண்ணினேன். கம்பெனி டாக்டர் முன்னால் போய் நின்றபோது அவர் கேட்காமலேயே சட்டையை இழுத்து நாலு தழும்பையும் காட்டிவிட்டு, "ஏணி எங்க இருக்குன்னு சொல்லுங்க" என்றாராம். தகுதி எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஏறுவதற்கு முன் ஃபோர்மேனிடம் ஒன்று கேட்டார். மேலே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட டப்பாவில் கொண்டுபோகிறேன், ஆனால் பகலில் ஒருமுறை இறங்கியாக வேண்டும்.

"ஏம்மா, இறங்கக் கால்மணி, ஏற இருபது நிமிஷம். என் வேலை என்னாகும்? இத்தனை வருஷம் இறங்காமத்தானே இருந்த?"

"அதான் பை போச்சு. எனக்கு அப்புறம் அங்க ஏறப்போற பொண்ணுக்கும் ஒரு பைதான் இருக்கும் சார்."

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார் ஃபோர்மேன். அப்படிச் சொன்னால் அவர் பார்க்க மாட்டார் என்று எங்களுக்குத் தெரியும்.

மறுபடி ஏறிய முதல் நாள் காலை மழைத்தூறல் இருந்தது, பிறகு விட்டது. பலகைக் கட்டுகளை மேலே அனுப்பிக்கொண்டிருந்தோம். மணி பன்னிரண்டு ஆயிற்று. நான் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோய், பதினொரு வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"அக்கா, சாப்பிட்டீங்களா?"

"இல்ல" என்றார். கடைசிக் கட்டை மாடியில் இறக்கி, ஆட்கள் கழற்றியதும் கொக்கியை மேலே தூக்கிக்கொண்டார். அடுத்து வந்தது அவர் குரலில் நான் ஒருநாளும் கேட்டிராத சொல்.

"நிறுத்து."

ஃபோர்மேன் இடுப்பிலிருந்து தன் வாக்கி-டாக்கியைப் பிடுங்கினார். "யாரு நிறுத்தச் சொன்னது?"

"நான்தான் சார். சாப்பிட்டு வந்து 'ஓட்டு'ன்னு சொல்றேன்."

ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். நான் பெருக்குகிற அம்மாவைப் பார்த்தேன். அந்த அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். மேலக்கா இறங்கி வரப் பதினைந்து நிமிடம் ஆனது, சாப்பிட அரைமணி நேரம், திரும்ப ஏற இருபது நிமிடம். அவ்வளவு நேரமும் தளத்தில் கொக்கி அசையவில்லை.